படிவம் மேசையிலே, உரிமை குப்பையிலே!

2024ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள், பாராளுமன்றத் தேர்தல் தினத்தன்று, பம்பலப்பிட்டியில் வாக்களிப்பு நிலையமொன்றின் வாயிலிலே கண்ட காட்சி இது. எம் அயலவரான பெரியார் ஒருவர். அரச சேவையிற் பொறியியலாளராய் இருந்து இளைப்பாறியவர். பரந்தனிலே பத்து ஏக்கர் வயலுக்கு உரியவர். மனைவியார், மகன், மருமகள் ஆகியோருடன் கதிரேசன் கோயிலில் வணங்கிவிட்டு, நேரே வாக்களிக்க வந்திருந்தார். எழுதுவினைஞர் இடாப்பைப் புரட்டினார்; மீண்டும் ஒருமுறை புரட்டினார். நால்வர் பெயரில் ஒன்றேனும் அதில் இல்லை.

பெரியார் அடையாள அட்டையை நீட்டினார். கடவுச்சீட்டை நீட்டினார். வீட்டு உறுதியின் பிரதிகூட அவர் பையில் இருந்தது. "ஐயா, நீங்கள் யார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இடாப்பில் நீங்கள் இல்லை," என்றார் அலுவலர். அவரைக் குறை கூறுவதற்கு ஒன்றுமில்லை. சட்டம் அவர் கையைக் கட்டியிருந்தது. நால்வரும் திரும்பினர். காலி வீதியை அடையும்வரை ஒருவரும் ஒரு சொல் பேசவில்லை.

காரணம் என்ன? சதியா? இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் அவர்கள் யாழ்ப்பாணத்து வீட்டைப் பூட்டிவிட்டு இங்கு மாடிமனைக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே கிராம உத்தியோகத்தர், "வீட்டில் எவரும் இல்லை" எனக் குறித்துப் பெயர்களை நீக்கினார். அவர் செய்தது சரியே. இங்கே, வாக்காளரைப் பதிவுசெய்யும் பீ.சீ. படிவம் மாடிமனைக் காவலாளியின் மேசைக்கு வந்து சேர்ந்தது. மின்சாரப் பட்டியல்களுக்கும் விளம்பரத் துண்டுகளுக்கும் இடையே அது பல நாள் கிடந்தது. மின்சாரப் பட்டியலை எல்லாரும் எடுத்துச் சென்றனர். படிவத்தை எடுப்பார் இல்லை. ஒருநாள் அது குப்பைக் கூடைக்குப் போயிற்று. அதனோடு நான்கு வாக்குகளும் போயின. ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால் என நின்றவர்களுக்கு இரண்டு கரையும் இல்லாமற் போயிற்று.

இது ஒரு குடும்பத்தின் கதையாயின் எழுதுகோலை எடுத்திருக்க மாட்டோம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பம்பலப்பிட்டியிலும், படித்த தமிழர் வாழும் மாடிமனை மாடிமனையாக ஏறி இறங்கிக் கேளுங்கள். "இவ்வாண்டு படிவத்தை நிரப்பினீர்களா?" என்ற வினாவிற்கு, "எந்தப் படிவம்?" என்ற வினாவே விடையாக வரும். மருத்துவர் கேட்பார், சட்டத்தரணி கேட்பார், கணக்காளர் கேட்பார்! பிறருடைய பத்திரங்களில் ஓர் எழுத்துப் பிழையும் பொறாத கணக்காளர், தம் பெயர் நாட்டின் பேரேட்டில் உண்டா இல்லையா என்று பார்த்தாரில்லை. என்னே விந்தை!

குற்றஞ் சாட்டும் நாமும் குற்றமற்றவர் அல்லேம். 2015 ஜனவரி 8ஆம் நாள் ஜனாதிபதித் தேர்தலிலே, இடாப்பில் எம் பெயர் இருந்தது. ஆனால் கையில் அடையாள அட்டை இல்லை. அது தொலைந்து மூன்று மாதமாகியிருந்தது. "நாளை விண்ணப்பிப்போம்" என்று நாளைக் கடத்தினோம். கடவுச்சீட்டும் காலாவதியாகிக் கிடந்தது. 2004ஆம் ஆண்டின் தேர்தல்கள் விசேட ஏற்பாடுகள் சட்டம், ஆளடையாளம் காட்டாதவருக்கு வாக்குச்சீட்டு இல்லை என்கிறது. வாக்காளர் அட்டை வீட்டுக்கு வந்ததே என்று அதனை மட்டும் எடுத்துச் சென்றோம். அந்த அட்டை ஆளடையாளப் பத்திரம் ஆகாது என்பதை அன்றுதான் அறிந்தோம். எனவே இது வெறும் உபதேசமன்று. பட்டவன் சொல்லும் சொல்.

அன்று பறித்தார்கள், இன்று நாமே எறிகின்றோம்

தமிழ் மக்களே! கடதாசி என்பது இந்நாட்டுத் தமிழனுக்கு அற்பப் பொருளன்று. நம் இனத்தின் ஒரு பெரும் பகுதி கடதாசியினாலேயே வீழ்த்தப்பட்டது.

1931இல் இந்நாட்டுக்குச் சர்வஜன வாக்குரிமை வந்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே மலையகத் தமிழர் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் 7 பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். அடுத்த ஆண்டே வந்தது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம். இலங்கையிற் பிறந்தால் மட்டும் போதாது. தந்தையும் இங்கே பிறந்தவர், அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என எண்பிக்க வேண்டும் என்றது அது. லயன் அறையிலே பிறந்து லயன் அறையிலே மாண்ட ஒரு தோட்டத் தொழிலாளியின் பிறப்பை எவர் பதிந்தார்? எங்கே பதிந்தார்? 1949இல் இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. மணமானவர் 7 ஆண்டு, மணமாகாதவர் 10 ஆண்டு இடைவிடாது வதிந்ததைக் காட்டுக என்றது. அதே ஆண்டிலே தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டு, பிரசைக்கே வாக்கு என்றாயிற்று.

பின் நடந்தது யாது? விண்ணப்பிக்க இரண்டே ஆண்டு தவணை; 1951 ஓகஸ்ட் 5ஆம் நாளுடன் கதவு மூடும். காங்கிரஸ் முதலில் அச்சட்டத்தைப் பகிஷ்கரித்தது. பின்னர் மனம் மாறியபோது தவணையின் பெரும் பகுதி கழிந்துவிட்டிருந்தது. இறுதி மாதங்களில் விண்ணப்பங்கள் வெள்ளமாய்ப் பாய்ந்தன. 8 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பம் போடப்பட்டது; பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. பிரிவி கவுன்சில் வரை சென்று வழக்காடியும் 1953இல் தோல்வியே கிட்டியது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அம்மக்களின் காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் இல்லை. 1977இல் தொண்டமான் தேர்தலில் வெற்றிபெறும்வரை, இருபத்தைந்து ஆண்டு, தாம் தேர்ந்தெடுத்த தம்மவர் ஒருவரை அவர்கள் பாராளுமன்றத்திற் கண்டிலர். இடையில் 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனக் கால்நடை பங்கிடுவதுபோல் மனிதரைப் பங்கிட்டனர். எஞ்சிய வழக்கைத் தீர்க்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை செல்ல வேண்டியிருந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

குற்றவாளி அரசே, அதில் இரு கருத்தில்லை. அச்சட்டங்கள் மனிதரை விலக்குவதற்கென்றே வரையப்பட்டவை. அன்றைக்கே தந்தை செல்வநாயகம், இன்று அவர்கள்மேல் விழும் அடி நாளை நம்மேல் விழும் என எச்சரித்தார். அந்தப் பிளவிலிருந்தே 1949 டிசம்பர் 18இல் தமிழரசுக் கட்சி பிறந்தது. ஆயினும் அந்த வரலாறு நமக்கு ஒரு பாடத்தையும் விட்டுச் சென்றது. பகைவன் தாளை ஆயுதமாக்கும்போது, தாளைப் பேணாதவன் ஆயுதமின்றி நிற்கின்றான். அன்று ஒரு பிறப்புச் சான்றிதழுக்காகத் தோட்டத் தொழிலாளி மலையேறி இறங்கினான், கிடைக்கவில்லை. இன்று படிவம் நம் வாயிலுக்கே வருகின்றது. நாம் குனிந்து எடுக்கவில்லை. அவனிடமிருந்து பறித்தார்கள். நம்மிடமிருந்து எவரும் பறிக்கவில்லை, நாமே எறிகின்றோம்.

இது இந்நாட்டில் மட்டும் உள்ள கதையன்று. அசாமிலே 2019 ஓகஸ்ட் 31இல் வெளியான பிரசைகள் பதிவேட்டில் 19 இலட்சத்துக்கு மேற்பட்டோரின் பெயர் விடுபட்டது. பிகாரிலே 2025 ஓகஸ்டில் வெளியான வரைவு வாக்காளர் பட்டியலில் ஏறத்தாழ 65 இலட்சம் பெயர்கள் இல்லை. உலகெங்கும் ஏழையினதும் சிறுபான்மையினதும் குடியுரிமை ஒரு துண்டுக் கடதாசியிலே தொங்குகின்றது. இதனை அறிந்தும் அயர்ந்திருப்பது அறியாமையன்று, அகந்தை.

பெயர் குறைந்தால் ஆசனம் குறையும்

"என் ஒரு வாக்கால் என்ன வந்துவிடும்?" என்று கேட்பவர் உளர். அவருக்குக் கணக்கால் விடை கூறுவோம்.

இந்நாட்டுப் பாராளுமன்றத்தின் 225 ஆசனங்களில் 196 தேர்தல் மாவட்டங்களுக்குரியவை. அவற்றில் 36, மாகாணம் ஒன்றுக்கு 4 வீதம் பகிரப்படும். எஞ்சிய 160 ஆசனங்களும் இடாப்பிற் பதிவான வாக்காளர் தொகைக்கு ஏற்பவே மாவட்டங்களுக்குப் பிரிக்கப்படும். சனத்தொகைக்கு ஏற்பவன்று, இடாப்பிலுள்ள பெயர்த் தொகைக்கு ஏற்ப! ஆகவே நிரப்பாத ஒரு படிவம் ஒரு வாக்கை மட்டும் இழக்கச் செய்வதில்லை; வாக்களித்தவனுடைய பங்கையும் குறைக்கின்றது.

யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தைப் பாருங்கள். கிளிநொச்சியும் அதனுள் அடங்கும். 2010இல் அதற்கு 9 ஆசனங்கள். 2015இல் 7. 2024இல் 6. பதினான்கு ஆண்டுகளில் மூன்றிலொன்று போயிற்று! போரும் இடப்பெயர்வும் புலப்பெயர்வும் இதன் பெருங் காரணங்கள் என்பதை மறுப்போர் இல்லை. ஆனால் ஊரில் இருந்துகொண்டே பதியாதவனும், ஊரைவிட்டு வந்து கொழும்பிலும் பதியாதவனும் அந்தப் பள்ளத்தை மேலும் தோண்டுகின்றனர். விவசாயப் பெருமக்களே, வாய்க்காலில் உங்கள் முறைக்கு மடையைத் திறக்காவிட்டால் தண்ணீர் நிற்குமா? அடுத்த வயலுக்குப் போகும். ஆசனமும் அப்படியே, யாழ்ப்பாணத்தில் குறைந்த ஆசனம் காற்றிற் கரைந்து போகவில்லை. வேறொரு மாவட்டத்துக்குப் பாய்ந்தது.

கொழும்பை எடுப்போம். 2025 மே 6ஆம் நாள் உள்ளூராட்சித் தேர்தலின்பின், 117 உறுப்பினர் கொண்ட கொழும்பு மாநகர சபையில் எக்கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை. ஜூன் 16இல் நகரபிதா பதவிக்கு வாக்கெடுப்பு நடந்தபோது 61க்கு 54 என்ற கணக்கிலேயே முடிவாயிற்று. நால்வர் மாறியிருப்பின் முடிவே மாறியிருக்கும். எவர் வென்றிருக்க வேண்டும் என்பதன்று நம் வாதம். நம் தெருவின் வடிகாலையும் குப்பையையும் வரியையும் தீர்மானிக்கும் சபை அத்துணை நூலிழையில் ஆடும்போது, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பதியப்படாத வீடுகள் எத்தனை என்பதே நம் வினா.

அச்சம் என்பார்க்கு

இனி, எள்ளி நகையாட முடியாத ஒரு காரணம் உண்டு. "பெயரைப் பதிந்து பட்டபாடு போதாதா?" என்று முதியோர் சிலர் கேட்பர். 1983 ஜூலையிலே, வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடித் தேடிக் காடையர் எரித்தனர் என்பதைப் பலரும் பதிந்துள்ளனர். பம்பலப்பிட்டியும் வெள்ளவத்தையும் அந்தத் தீயைக் கண்டவை. அன்று தன் பெயர் இடாப்பில் இருந்ததற்காக வீட்டை இழந்தவன் இன்று படிவத்தைக் கண்டு பின்வாங்கினால், அவனைக் கோழை என்று கூற எந்த நாவும் துணியாது.

ஆனால் மற்றைய பக்கத்தையும் எண்ணுங்கள். 2007 ஜூன் 7ஆம் நாள் அதிகாலையில், கொழும்பு விடுதிகளிலே தங்கியிருந்த தமிழர் 370 பேருக்கு மேற்பட்டோர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வவுனியாவை நோக்கி அனுப்பப்பட்டனர். தலைநகரில் தங்குவதற்குத் தக்க காரணம் இல்லை என்பதே அவர்கள்மேற் சுமத்தப்பட்ட குற்றம். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அவ்வாறு ஏற்றப்பட்டோர் யார்? நகரத்திலே நிலைத்த வதிவு அற்றவர் எனக் கருதப்பட்ட விடுதிவாசிகள். 1983இல் இடாப்பிலே பெயர் இருந்ததால் வாயிலுக்குத் தீ வந்தது. 2007இல் இந்நகரத்தான் என்று காட்ட ஏதுமில்லை என்பதால் வாயிலுக்குப் பேருந்து வந்தது. ஒளிந்திருப்பவனுக்குப் பாதுகாப்பு உண்டென்று எந்த வரலாறும் கூறவில்லை. ஒளிந்தவனுக்காக எந்தப் பிரதிநிதியும் பேசப் போவதுமில்லை. அவன் வாக்கு அப்பிரதிநிதிக்குத் தேவைப்படுவதில்லை அன்றோ?

மேலும் ஒரு கேள்வி. பிள்ளையை முதலாம் வகுப்பிற் சேர்க்கும் காலம் வந்தவுடன் நாம் என்ன செய்கின்றோம்? அடுத்தடுத்த ஐந்து ஆண்டு இடாப்பிற் பெற்றோர் பெயர் இருந்தால் அதற்குப் புள்ளி உண்டு என அறிந்து, இடாப்புப் பிரதி தேடி அலுவலகம் அலுவலகமாக ஓடுகின்றோம். அப்போது அச்சம் எங்கே போயிற்று? பாடசாலைக்கு வேண்டும் இடாப்பு பாராளுமன்றத்துக்கு வேண்டாமோ? ஆகவே பலரைத் தடுப்பது அச்சமன்று, சோம்பல். அச்சம் என்ற போர்வையைச் சோம்பலுக்குப் போர்த்தி, உண்மையில் அஞ்சியவனின் துயரை இழிவுசெய்யாதீர்.

பகிஷ்கரிப்பு வேறு, மறதி வேறு

வாக்களியாமையும் ஓர் அரசியலே என்று சிலர் வாதிப்பர். 1931இல் யாழ்ப்பாணம் வாலிபர் காங்கிரசின் அழைப்பை ஏற்றுத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. 1934 வரை அந்த ஆசனங்கள் வெறுமையாய்க் கிடந்தன. 2005 நவம்பர் 17இல் வடக்கிலே பகிஷ்கரிப்புக் கட்டளை நிலவியது; யாழ் மாவட்டத்தில் வாக்களித்தோர் நூற்றுக்கு 2 பேரும் இல்லை. நாடளாவிய வெற்றி வித்தியாசமோ 1,80,786 வாக்குகள். அம்முடிவுகள் சரியா தவறா என்று இன்றும் வாதிடலாம். சரியோ தவறோ, அவை முடிவுகள்; உலகம் அவற்றைக் கேட்டது. காவலாளி மேசையிற் கிடந்த படிவம் எந்த முடிவு? அதில் எந்தக் கொள்கை? மறதியைக் கொள்கை என்று சொல்லிக்கொள்ளும் இனத்தை உலகம் மதியாது.

அரசுக்கும் ஒரு சொல்

நம்மவரைக் கடிந்துகொண்டதனால் அரசு தப்பிவிட்டது என்று எவரும் மகிழ வேண்டாம். 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி என்றது. 1988இல் 16ஆம் திருத்தம் அதன் பயன்பாட்டை விரித்தது. ஆயினும் கொழும்பிலே தமிழர் வீட்டுக்குச் சிங்களப் படிவம் வருவதும், தமிழிலே விளக்கம் கேட்டால் விடை கூற ஆளில்லாமையும் இன்னும் ஒழிந்தபாடில்லை. விளங்காத மொழியில் வரும் படிவம் அரை அழைப்பே ஆகும். சிங்களத்தில் எழுதிய தமிழ்ப் பெயர் எழுத்து மாறி, உரியவனே தன் பெயரை அடையாளங் காண முடியாத நிலையும் உண்டு. அடுக்குமாடி ஒன்றில் நாற்பது குடும்பம் வாழ, படிவக் கட்டைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போவது பதிவாகுமா? வீடு வீடாகச் செல்க, தமிழில் தருக, பற்றுச்சீட்டுக் கொடுக்க. சலுகையாக அன்று, உரிமையாகவே கேட்கின்றோம். ஆனால் தன் கடமையைச் செய்தவனுடைய குரலுக்கே உரிமை கேட்கும் வலிமை உண்டு.

செய்ய வேண்டுவன

செய்ய வேண்டியது மலையைப் பெயர்க்கும் வேலையன்று.

முதலாவது: இடாப்பு ஆண்டுதோறும் பெப்ரவரி 1ஆம் திகதியை அடிப்படையாகக் கொண்டு திருத்தப்படுகின்றது. தைப்பொங்கல் முடிந்தவுடன் படிவத்தைத் தேடுங்கள். வராவிட்டால் கிராம உத்தியோகத்தரை நாடிச் செல்லுங்கள். நிரப்பிய படிவத்தின் பிரதி ஒன்றைக் காணி உறுதியோடு சேர்த்து வையுங்கள். அதுவும் ஓர் உறுதியே.

இரண்டாவது: வீடு மாறியவர் பழைய இடத்தில் நீங்கும் பெயர் புதிய இடத்தில் தானாகத் தோன்றும் என எண்ணற்க. நீக்கும் பெயர்களின் பட்டியலும் சேர்க்கும் பெயர்களின் பட்டியலும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். உரிமைக் கோரிக்கைக்கும் ஆட்சேபனைக்கும் அப்போதே காலம் உண்டு. தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்திலும் அடையாள அட்டை இலக்கத்தை இட்டுப் பெயர் உண்டா எனப் பார்க்கலாம். தேர்தல் அறிவித்தபின் அழுது பயனில்லை. விதைப்புக் காலம் கழிந்தபின் விதைநெல் தேடுபவன் உண்டா?

மூன்றாவது: அடையாள அட்டை தொலைந்தால், கிழிந்தால், படம் மங்கினால், அன்றே விண்ணப்பியுங்கள். கடவுச்சீட்டும் சாரதி அனுமதிப்பத்திரமும் செல்லுபடியாய் இருந்தாலே ஏற்கப்படும். எதுவுமே இல்லாதவருக்குத் தேர்தல் ஆணைக்குழு தற்காலிக அடையாள அட்டை தரும். அதற்கும் தேர்தலுக்கு முன்னரே விண்ணப்பத் தவணை முடிந்துவிடும்.

நான்காவது: பதினெட்டு வயதாகும் பிள்ளையின் பெயரைச் சேருங்கள். பரீட்சைக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லும் தந்தை, குடியுரிமையின் முதற் படிக்கும் அழைத்துச் செல்லட்டும்.

ஐந்தாவது: கோயிற் சபைகளும், பழைய மாணவர் சங்கங்களும், மாடிமனை நிருவாகங்களும் ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்கட்டும். தேர்த்திருவிழாவுக்கு மாதக்கணக்கில் ஆயத்தம் செய்யும் நமக்கு, ஒரு மேசையும் இரண்டு இளைஞரும் ஒரு காலைப் பொழுதும் கிடைக்காமற் போகுமா?

அன்று வாயிலிலிருந்து திரும்பிய அப்பெரியார் மறுநாள் எம் வீட்டுக்கு வந்தார். "தம்பி, பரந்தனிலே என் வயலின் எல்லைக் கல்லை ஒருவன் ஒரு முழம் நகர்த்தினான் என்று பன்னிரண்டு ஆண்டு வழக்காடினேன். நாட்டிலே எனக்கிருந்த எல்லைக் கல்லை நானே பிடுங்கி எறிந்துவிட்டேன்," என்றார். அடுத்த பெப்ரவரியில் முதல் ஆளாகக் கிராம உத்தியோகத்தரின் வாயிலில் நின்றவர் அவரே. மாடிமனையின் ஏனைய வீடுகளின் கதவுகளையும் தட்டிவிட்டே அவர் சென்றார்.

தமிழ்ப் பெருமக்களே! ஒரு முழ நிலத்துக்கு வழக்காடும் நாம், ஒரு வரிப் பெயருக்கு எழுந்து நடக்க மாட்டோமா? காவலாளியின் மேசையைப் பாருங்கள். அங்கே கிடப்பது உங்கள் உரிமை. இன்றே எடுங்கள், நிரப்புங்கள், கையளியுங்கள்!